கம்பி அறுந்த வெள்ளிக்கிழமை

சைக்கிள்ல மலேசியாவுல இருக்குற மெர்சிங் வரைக்கும் போறோம்னு சொன்னப்போ என் மாமியார் கேட்டது ஒரே கேள்விதான், "ஏன், பஸ்ஸு ஓடலையா?" அப்போ சிரிச்சோம். அது எவ்வளவு நியாயமான கேள்வின்னு எனக்கு உறைச்சது ரெண்டாவது நாள் மத்தியானம் ரெண்டரை மணிக்கு. ரெண்டு பக்கமும் பாமாயில் எடுக்குற செம்பனைத் தோட்டம், நடுவுல கொதிக்குற தார் ரோடு, கைல பாட்டில்ல சூடேறிப்போன தண்ணி, இருபதடி தள்ளி எங்க வீட்டுக்காரர் சைக்கிளைத் தலைகீழா கவுத்துப் போட்டுட்டு பின் சக்கரத்தை முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார், நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி ஒரு மணி நேரம் ஆச்சு.

நாங்க சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்கோம், ரெண்டு பேருக்கும் நாப்பத்தஞ்சு தாண்டிருச்சு. மகன் என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவைக்கு, போனதும் வீடு வெறிச்சுன்னு ஆயிடுச்சு, அப்போ ஆரம்பிச்சதுதான் இந்த சைக்கிள். முதல்ல பார்க் கனெக்டர், அப்புறம் ஈஸ்ட் கோஸ்ட், அப்புறம் புலாவ் உபின்ல ஜெலுத்தோங் கேம்ப்சைட்ல ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டுப் பழகினோம். மேடு ஏறிப் பழகணுமேன்னு மவுண்ட் ஃபேபர்ல நாலு தடவை ஏறி இறங்கினோம், நம்ம ஊர்ல பெரிய மலையான புக்கித் தீமாவே 163 மீட்டர்தானே, வேற எங்க போறது. 2024 ஜூன்ல ஒரு வாரம் லீவு போட்டோம். சாங்கி பாய்ண்ட்ல பம் போட் ஏறி பெங்கெராங், அங்கேருந்து டெசாரு, செடிலி, மெர்சிங், உடம்பு ஒத்துழைச்சா குவாந்தான். காஸ்வேல, அதான் ஜொகூருக்குப் போற கடல்பாலத்துல, லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவுல மாட்டிக்கிறதுக்கு இந்தப் படகு எவ்வளவோ தேவலாம், சைக்கிளுக்குத் தனியா கொஞ்சம் காசு, அவ்வளவுதான். ஒரு படகுக்கு 12 பேர், ஆள் சேர்ற வரைக்கும் காத்திருக்கணும், அவசரம்னா காலி இடத்துக்கும் நம்மளே கட்டிட்டுக் கிளம்பலாம்.

படகு தேக்கோங் தீவைத் தாண்டித்தான் போகும். மகன் அங்கதான் பிஎம்டி, அதான் ஆரம்ப ராணுவப் பயிற்சி, பண்ணான். அவன் முந்தின ராத்திரி ஃபோன்ல சொன்ன ஒரே புத்திமதி, "மா, எங்களுக்கு தண்ணி பரேடு இருக்கும், சார்ஜண்ட் முன்னாடி பாட்டிலைத் தூக்கி எல்லாரும் சேர்ந்து குடிக்கணும், தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும். நீங்களும் மணிக்கொரு தடவை வையுங்க." சரிடா சரிடான்னு ஃபோனை வெச்சுட்டேன். பிள்ளை சொல்லி அம்மா கேக்குற வீடு எங்க இருக்கு.

முதல் நாள் பிரச்சினையே இல்ல. பெங்கெராங்ல அந்தப் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கம் லாரிதான் கொஞ்சம் பயமுறுத்துச்சு, சுங்கை ரெங்கிட்ல சாப்பாடு, சாயங்காலம் டெசாரு கடற்கரைகிட்ட காசு கட்டித் தங்குற ஒரு கேம்ப் இடம். ராத்திரி பூரா அகாஸ் பூச்சி கடி, கண்ணுக்கே தெரியாது, ஆனா கடிச்ச இடம் ஒரு வாரம் அரிக்கும். கடல்ல இருந்து நூறடியாவது தள்ளிக் கூடாரம் போட்டிருக்கலாம், சாயங்காலமே முழுக்கை சட்டை போட்டிருக்கலாம். வியூ வேணும்னு ஆசைப்பட்டது நான்தான், அதனால வாயை மூடிக்கிட்டு சொறிஞ்சேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலைல ஆறரைக்குக் கிளம்புறதா பேச்சு, கிளம்பினது எட்டே முக்கால். கூடாரம் பனில நனைஞ்சு கிடந்துச்சு, அதைக் காயவெச்சு மடிக்கணும்னு அவர், ஈரத்தோட சுருட்டிட்டு மத்தியானம் எங்கயாவது காயப்போடலாம்னு நான், இதுல ஒரு மணி நேரம் போச்சு. இப்போ சொல்றேன், ஈரத்தோட சுருட்டுங்க. இந்தப் பக்கம் ஏழு மணிக்கு வெளிச்சம் வரும், பத்தரைக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும், நடுவுல இருக்குற மூணு மணி நேரம்தான் சைக்கிளுக்கு உண்டான நேரம். அதுல ரெண்டு மணி நேரத்தை நாங்க ஒரு துணியைக் காயவைக்கச் செலவு பண்ணோம்.

பண்டார் பெனாவார் டவுன்ல கடை எல்லாம் வரிசையா இருந்துச்சு. தண்ணி வாங்கிக்கலாமான்னு அவர் கேட்டார், "அடுத்த கடைல பாத்துக்கலாம், இப்பவே எதுக்கு வெயிட்டு"ன்னு சொன்னது நான். இது சிங்கப்பூர் வியாதி. இங்க நாங்க ஓட்டிப் பழகின எந்த ரோட்லயும் பத்து நிமிஷத்துக்கு மேல கோப்பி கடையோ மினி மார்ட்டோ கண்ணுல படாம இருந்ததில்ல, ஒண்ணுமே இல்லன்னாலும் பார்க்ல குழாய் இருக்கும், முடியலன்னா மடக்கு சைக்கிளா இருந்தா எம்ஆர்டி ஏறிடலாம். அந்தப் பழக்கத்தோடயே செம்பனைத் தோட்டத்துக்குள்ள போனா என்ன ஆகும்னு யாரும் சொல்லித் தரல. ஆளுக்கு 750 மில்லில ரெண்டு பாட்டில், அவ்வளவுதான் எங்க கையிருப்பு. இப்போ அந்தப் பக்கம் போறதா இருந்தா ஆளுக்கு நாலு லிட்டர் இல்லாம டவுனைத் தாண்ட மாட்டேன், கனம்னா கனம்தான்.

செடிலி பாலத்துக்கு வந்தப்போ மணி பன்னெண்டே முக்கால். கீழ மீன்பிடி படகு எல்லாம் வரிசையா கட்டியிருக்க பாக்க அழகாதான் இருந்துச்சு, ஆனா பசில அழகு எங்க தெரியும். கடை எல்லாம் மூடிக் கிடக்கு. வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். அதுவும் போக அப்போ ஜொகூர்ல வெள்ளி சனிதான் வார விடுமுறை, 2025 ஜனவரிலதான் சனி ஞாயிறுன்னு மாத்தினாங்க. நாளைக்கு என்ன கிழமைன்னு கூட யோசிக்காம திட்டம் போட்ட ரெண்டு படிச்ச மேதைங்க நாங்க. ரெண்டரைக்கு மேல காத்திருந்தா எதாவது திறந்திருக்கும். எங்க வீட்டுக்காரருக்குக் காத்திருக்கிறதுன்னா ஆகாது, "மேப்ல முன்னாடி ஒரு கடை காட்டுது"ன்னு கிளம்பிட்டார். மேப்ல காட்டுன அந்தக் கடை ஒரு பூட்டுன தகரக் கொட்டகை, எத்தனை வருஷமா பூட்டிக் கிடக்கோ தெரியல.

இங்கதான் நான் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். காலைல இருந்து அதுவரைக்கும் நான் குடிச்சது அரை லிட்டர் கூட இருக்காது, பாட்டில்ல தண்ணி இருந்தும். காரணம் தாகம் இல்லாதது இல்ல, டாய்லெட். ஆம்பளைங்களுக்கு ஒரு மரம் போதும். எனக்கு அந்தத் தோட்டத்து ஓரத்துல இறங்க பயம், பாம்பு பயம், லாரில போறவன் பாப்பானோன்னு கூச்சம், அதனால குடிக்கலன்னா போகவும் வேண்டாமேன்னு ஸ்கூல் புள்ள கணக்கு போட்டேன். அவர் ரெண்டு தடவை "தண்ணி குடிம்மா"ன்னாரு, "குடிச்சேன்"னு பொய் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவர்கிட்ட ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக் கூச்சம். காலைலயும் அதே கணக்குலதான் கோப்பி குடிக்கல, ரெண்டு ரொட்டி மட்டும் சாப்பிட்டேன்.

ஒன்றரை மணிக்கு மேல எனக்கு ஏதோ ஆகுதுன்னு தெரிஞ்சுச்சு. கை வெலவெலத்துச்சு, பின் மண்டை வலி, அந்த வெயில்லயும் கைல மயிர்க்கூச்செறிஞ்சு சிலுசிலுன்னு இருந்துச்சு. அதைவிட மோசம், கோவம். கியர் ஒரு தடவை சரியா விழலன்னு அழுகையே வந்துருச்சு, முன்னாடி போற மனுஷன் முதுகைப் பாத்தாலே எரிச்சலா இருந்துச்சு. பின்னாடிதான் மகன் சொன்னான், காரணமில்லாம எரிஞ்சு விழுறதும் உடம்புல தண்ணியும் சர்க்கரையும் குறைஞ்சதுக்கு ஒரு அடையாளம்தான்னு. கூட வர்றவங்க திடீர்னு சிடுசிடுக்க ஆரம்பிச்சா பதிலுக்குச் சண்டை போடாதீங்க, நிழல்ல உக்காரவெச்சு பிடரில ஈரத்துணி போட்டு, உப்பும் சக்கரையும் கலந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வாங்கிவெச்சா பை ஒண்ணும் கனக்காது. எங்க விஷயத்துல அவர் பதிலுக்குச் சண்டைதான் போட்டார். "நான்தான் அப்பவே தண்ணி வாங்கலாம்னு சொன்னேன்ல"ன்னு அந்த நேரத்துல யாராவது சொல்லுவாங்களா? சொன்னார். அதுக்கு நான் என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

அப்புறம் அவர் முன்னாடி ஒரு முந்நூறு மீட்டர், நான் பின்னாடி. அப்படிப் போகும்போதுதான் "டிங்"குன்னு ஒரு சத்தம், அவ்வளவு தூரத்துல இருந்தும் எனக்குக் கேட்டுச்சு. பின் சக்கரத்துல போக்ஸ் கம்பி ஒண்ணு அறுந்துருச்சு, சக்கரம் கோணிக்கிட்டு பிரேக் கட்டைல தேய ஆரம்பிச்சுது.

அறுந்தது கியர் பக்கத்துக் கம்பி. அங்கதான் முக்கால்வாசி அறும், ஏன்னா பின் சக்கரத்துல கியர் பல்லுக்கு இடம் விடணும்னு அந்தப் பக்கத்துக் கம்பிகளை ரொம்ப விறைப்பா இழுத்துக் கட்டியிருப்பாங்க. அதுல இவர் சுமையைப் பூரா பின் கேரியர்லயே ஏத்தியிருந்தார், கூடாரம், அடுப்பு, கேஸ் டின், கருவிப் பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி வேற, எல்லாம் சேர்த்து இருபத்திநாலு கிலோ. என் சைக்கிள்ல பன்னெண்டு கிலோதான். பொண்டாட்டிக்குக் கஷ்டம் வேண்டாம்னு செஞ்சதுதான், ஆனா பாவம் அந்தச் சக்கரத்துக்குத் தெரியுமா அந்தப் பாசம்.

புதுக் கம்பி மாட்டணும்னா கியர் பல் சக்கரத்தைக் கழட்டணும், அதுக்கான கருவி கனம்னு வீட்லயே வெச்சுட்டு வந்துட்டார். நாற்காலிக்கு இடம் இருந்துச்சு, அதுக்கு இல்ல. சரி, இருக்குறதை வெச்சு என்ன பண்ணலாம். அறுந்த கம்பி ஆடி எதுலயும் மாட்டாம இருக்க பக்கத்துக் கம்பியோட டேப் போட்டுச் சுத்தினார். கியர் பக்கம் இழுக்குற கம்பி ஒண்ணு போயிட்டா ரிம் எதிர்ப்பக்கமா சாயும், அதனால அந்த இடத்துக்கு ரெண்டு பக்கத்துலயும் இருக்குற எதிர்ப்பக்கத்துக் கம்பிகளை அரைச் சுத்து லூஸ் பண்ணி, சுத்திப் பாத்து, இன்னும் கால் சுத்து, இப்படியே பெண்டு எடுத்தார். முழுசா நேராகல, ஆனா பிரேக் கட்டைல படாத அளவுக்கு வந்துச்சு. அந்த ஸ்போக் சாவி கட்டை விரல் அளவுதான் இருக்கும், அது இல்லன்னா சைக்கிளைத் தள்ளிக்கிட்டேதான் போயிருக்கணும். கூடாரத்தையும் அடுப்பையும் என் சைக்கிளுக்கு மாத்திக் கட்டினோம், நாற்காலி தலையெழுத்து என்னன்னு அப்போ முடிவாகல.

இதுக்கெல்லாம் முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் பேச்சு இல்ல. அப்போதான் அந்த லாரி நின்னுச்சு, பின்னாடி பூரா செம்பனைக் குலை. ஓட்டுறவர் கண்ணாடியை இறக்கி எங்க முகத்தைப் பாத்ததும் நேரா தமிழ்லயே, "என்னாச்சு தங்கச்சி?"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துருச்சு. குளுவாங்காரராம், இந்த ரோட்லயே ஓட்டுறவராம். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒண்ணும், பாண்டான் பன் பாக்கெட் ஒண்ணும் எடுத்துக் குடுத்தார், காசு குடுத்தா கையைத் தள்ளிவிட்டார். "சிங்கப்பூர்லேருந்து சைக்கிள்லயா, கார் வெலை அவ்வளவா ஏறிப்போச்சு?"ன்னு கேட்டார் பாருங்க, அவர் கேலி பண்ணாரா நிஜமாவே கேட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சைக்கிளை ஏத்திக்கிறேன், ஆனா குலை மேலதான் கட்டணும்னார், மில்லுக்குப் போற வழியும் வேற. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்.

ராத்திரிக்கு எங்க படுப்பீங்கன்னு கேட்டார். தோட்டத்துக்குள்ள எங்கயாவது ஓரமா கூடாரம் போட்டுப்போம்னு இவர் சொன்னதும் அவர் முகம் மாறிருச்சு. "யானை வரும் தம்பி. குருத்தைத் திங்க ராத்திரிலதான் வரும். சைன் போர்டு பாக்கலையா?" பாத்தோம்தான், மஞ்ச போர்டுல யானைப் படம், ஃபோட்டோ கூட எடுத்தோம். அதை நம்மளுக்குப் போட்டிருக்காங்கன்னு தோணவே இல்ல. கோத்தா திங்கி, மெர்சிங், குளுவாங் இந்தப் பக்கமெல்லாம் காட்டு யானை இன்னும் இருக்கு, காடு குறைஞ்சு தோட்டமானதுல அதுங்க நடமாடுற பாதைலயே செம்பனை நிக்குது. இன்னும் இருபது கிலோமீட்டர் போனா ஃபெல்டா குடியிருப்பு வரும், அங்க கடை இருக்கும், பாலாய் ராயால, அதான் ஊர்ப் பொது மண்டபத்துல, கேளுங்க, விடுவாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ஃபெல்டான்னா 1956ல ஆரம்பிச்ச அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம், காட்டை அழிச்சு ரப்பரும் செம்பனையும் வெச்சு குடும்பங்களுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்தாங்க. சைக்கிள்காரங்களுக்கு அதோட அர்த்தம் ஒண்ணுதான், தோட்டத்து நடுவுல பள்ளிக்கூடம், சுராவ்னு சொல்ற சின்னத் தொழுகைக்கூடம், கடை, லைட்டு எல்லாம் உள்ள ஒரு ஊர். மேப்ல அந்தப் பேர் எங்கெங்க இருக்குன்னு முன்னாடியே குறிச்சு வெச்சுக்குங்க, பெரிய ரோட்டுல சிக்னலும் பாதி இடத்துல இருக்காது.

பன்னைத் தின்னுட்டு, தண்ணியைப் பாதிப் பாதி குடிச்சதும் எனக்கு உலகமே வேற மாதிரி தெரிஞ்சுச்சு. அப்போ சொன்னேன், "என்னங்க, எனக்குப் போகணும்." அவர் ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம் பைல இருந்து அவர் கைலியை எடுத்து நீட்டினார். தலைவழியா போட்டுக்கிட்டு உக்காந்தா கழுத்து வரைக்கும் கூடாரம் மாதிரி மூடிடும், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவர் காவலுக்கு நின்னார். ரெண்டு நிமிஷ வேலை. இதுக்காகவா நாள் பூரா தண்ணி குடிக்கலன்னு கேட்டார், ஆமான்னேன். அவர் திட்டல. கொஞ்ச நேரம் தரையைப் பாத்துட்டு, "சக்கரத்துல உபின்லேருந்தே ஒரு சத்தம் இருந்துச்சும்மா, சொன்னா நீ ட்ரிப்பைக் கேன்சல் பண்ணிருவேன்னு சொல்லல"ன்னார். எனக்குக் கோவம் வரணும், வரல, ஒருத்தருக்கொருத்தர் சரியாப் போச்சுன்னு தோணுச்சு. பொண்ணுங்க யாராவது படிச்சா ஒண்ணு சொல்றேன், கைலி ஒண்ணு கைக்கெட்டுற பைல வெச்சுக்குங்க, உடை மாத்த, துடைக்க, ராத்திரி போத்திக்க எல்லாத்துக்கும் ஆகும், ஆனா முதல் வேலை இதுதான்.

நாலு மணிக்கு மேகம் கறுத்து இடி ஆரம்பிச்சுது. நல்லவேளை பஸ் ஸ்டாப் ஒண்ணு கிடைச்சுச்சு, நாலு பக்கம்ல மூணு பக்கம் சிமெண்ட் சுவர் வெச்சது. மரத்தடில ஒதுங்கக் கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் கிளம்பணும்னு மகன் பட்டாளத்துல கத்துக்கிட்டு வந்து சொன்னது அன்னிக்குத்தான் மண்டைல ஏறுச்சு. ஒரு மணி நேரம் உக்காந்தோம். அந்த ஒரு மணி நேரத்துல கடிகாரத்தைப் பாக்குறதுதான் வேலை, ஜூன்ல ஏழரைக்கெல்லாம் இருட்டிடும், யானை போர்டு வேற மனசுல ஓடுது. கிளம்பினதும் நான் முன்னாடி, அவர் பின்னாடி, பள்ளத்துல இறங்கி நடந்து, ரெண்டு பேர் லைட்டும் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு அஞ்சு கிலோமீட்டருக்கும் நிறுத்தி கம்பியை இழுத்துப் பாத்து. மெதுவாப் போறவங்க முன்னாடி போகணும்ங்குறதை அன்னிலேருந்து சட்டமாவே வெச்சிருக்கோம்.

ஆறே முக்காலுக்கு ஃபெல்டா ஊர் வந்துச்சு. கடைல ஒரு மக்சிக், அதான் மலாய் ஆன்ட்டி, நாசி கோரேங்னு ஃப்ரைட் ரைஸ் போட்டுக் குடுத்தாங்க, ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு தட்டு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச பாசார் மலாய்ல "பொலே தீடோர் சினி?", இங்க படுத்துக்கலாமான்னு கேட்டார், அவங்க யாருக்கோ ஃபோன் போட, ஒரு பெரியவர் மோட்டார்ல வந்து பாலாய் ராயா தாழ்வாரத்துல லைட்டு போட்டுவிட்டு, குழாய் எங்க, டாய்லெட் எங்கன்னு காட்டிட்டுப் போனார். டாய்லெட்னதும் இவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். கையில ரிங்கிட் நோட்டா வெச்சிருந்தது நல்லதாப் போச்சு, அந்தக் கடைல கார்டெல்லாம் கிடையாது. காலைல நாற்காலியை அந்த மக்சிக்கிட்டயே குடுத்துட்டோம், கடை வாசல்ல போட்டு உக்காந்து டாட்டா காட்டினாங்க.

சாயங்காலம் மெர்சிங் போய்ச் சேர்ந்தோம். குவாந்தான் கனவை அங்கயே மடிச்சு வெச்சாச்சு. ஒரு சீன அங்கிள் சைக்கிள் கடைல கம்பி மாத்தினார், கருவியை எடுக்குறதுக்கு முன்னாடி சக்கரத்தை மெதுவா சுத்திக்கிட்டே ஒவ்வொரு கம்பியா விரலால சுண்டிக் கேட்டார், தம்புராக்கு சுருதி சேக்குற மாதிரி. ஒரே பக்கத்துக் கம்பி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் குடுக்கணும், ஒண்ணு மட்டும் சொத்துன்னு கேட்டா அது லூஸ். இன்னும் ரெண்டு லூஸா இருந்துச்சு, அதையும் இறுக்கிக் குடுத்தார்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலைல எங்க புளோக் காரிடார்ல ரெண்டு சைக்கிளையும் கவுத்துப் போட்டு இவர் டிங் டிங்னு சுண்டிக்கிட்டு இருப்பார், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா பாக்குறப்பல்லாம் சிரிக்கிறாங்க. போன வாரம் நான் அடுப்படில இருந்தே கேட்டேன், "எல்லாம் சரியா இருக்கா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "உன்னோடதுல பின்னாடி ஒண்ணு சரியில்லம்மா, வந்து கேட்டுப் பாரேன்"ன்னார். தோசையைத் திருப்பிப் போட்டுட்டு அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டுப் போனேன்.